பழுக்க மறுக்கும் தக்காளி

கேள்வி: நெடுநாள் கெடாத வீரிய ஒட்டுத் தக்காளியிலிருந்து விதை எடுத்து 40 செடி வளர்த்தேன். 9 செடிகளில் காய் மஞ்சளோடு நின்றுவிட்டது. பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு வைத்தும் சிவக்கவில்லை. சத்துக் குறையா? இதே விதை இலைச்சுருட்டையைத் தாங்குமா?

பதில்: சத்துக் குறை இல்லை. நெடுநாள் தாங்கும் பல ஒட்டு ரகங்களில் 'ரின்' என்ற மரபணுத் திரிபு ஒரு பெற்றோரிடமிருந்து வருகிறது. ஒரு பிரதி இருந்தால் பழம் மெல்லப் பழுக்கும், தோல் கெட்டியாக இருக்கும். இரண்டு பிரதியும் சேர்ந்தால் பழுக்கவே பழுக்காது. வீரிய ஒட்டுச்செடியின் விதையில் நாலில் ஒரு செடி இப்படித்தான் வரும். உங்கள் 9 செடி அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. பழுக்க வைக்கும் மரபணுக்களை முடுக்கும் புரதமே பழுதாகிவிட்டதால், வெளியிலிருந்து எத்திலீன் கொடுத்துப் பயனில்லை. 2017இல் ஜப்பானில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் அந்த மரபணுவை முடக்கிப் பார்த்தபோது பழம் ஓரளவு சிவந்தது. ஆக, மாறிய புரதம் சும்மா இருப்பதில்லை, பழுப்பதையே தடுக்கிறது.

விதை வேண்டுமென்றால், சீக்கிரம் சிவந்து குழையும் செடிகளில் நூல் கட்டி, அவற்றில் மட்டும் எடுங்கள். நெடுநாள் தாங்கும் குணம் அதில் இருக்காது.

இலைச்சுருட்டை எதிர்ப்பு தனிக் கணக்கு. 'ரின்' 5ஆம் குரோமோசோமில்; இலைச்சுருட்டையைத் தாங்க வைக்கும் 'டி.ஒய்-2' மரபணு 11ஆம் குரோமோசோமில். உங்கள் ஒட்டு ரகத்தில் 'டி.ஒய்-2' ஒற்றைப் பிரதியாக இருந்திருந்தால், நாலில் ஒரு செடி எதிர்ப்பை இழந்திருக்கும். இலைச்சுருட்டையைத் தாங்கும், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா ரக்ஷக்'கும் ஒட்டு ரகம்தான். ஆண்டுதோறும் புது விதை வாங்குங்கள்.