ஜகூமியின் துணிச்சீட்டு

வணக்கம். 2010இல் நம் தென்னாப்பிரிக்காவில் நடந்த கால்பந்து உலகக் கோப்பையின்போது மாமா வாங்கித் தந்த, அதன் சின்னமான ஜகூமி சிறுத்தைப் பொம்மை எங்கள் அலமாரியில் கிடக்கிறது. அம்மா டர்பன் துணி ஆலையில் தையல் வேலை பார்த்து எங்களை வளர்த்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் ஆலையை மூடிவிட்டார்கள். பொம்மையின் சீட்டில் 'சீனாவில் செய்தது' என்று இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் 'தூக்கிப் போடு இதை' என்கிறார். விற்றால் ஏதாவது தேறுமா? வைத்துக்கொள்வதில் அர்த்தம் உண்டா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள சகோதரிக்கு,

விலைப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். பெரிதாக ஒன்றும் தேறாது. அந்த ஆண்டு கடைக்குக் கடை தொங்கிய பொம்மை அது. 1966இல் இங்கிலாந்து கொண்டுவந்த வில்லி என்ற சிங்கம்தான் உலகக் கோப்பையின் முதல் சின்னம். அந்தக் காலத்துச் சரக்கைத் தேடுபவர்கள் இருக்கலாம். நம் பச்சைமுடிச் சிறுத்தைக்கு இன்னும் அந்த வயது வரவில்லை.

அம்மாவின் கோபத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. 1994க்குப் பிறகு வெளிநாட்டுத் துணிகளுக்கான இறக்குமதி வரியை அரசு வேகமாகக் குறைத்தது. மலிவான சீனச் சரக்கோடு டர்பன் ஆலைகளால் போட்டி போட முடியவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் நம் இந்திய வம்சாவளிப் பெண்கள் ஏராளம்.

ஜகூமியை வரைந்தவர் கேப்டவுன்காரர், ஆண்ட்ரீஸ் ஓடென்டால். அதன் பிறந்தநாள் என்று 1994 ஜூன் 16ஐ அறிவித்தார்கள். ஆண்டு, நாட்டின் முதல் ஜனநாயகத் தேர்தல் நடந்தது; நாள், 1976இல் நிறவெறி அரசை எதிர்த்த சொவெட்டோ மாணவர்கள் சுடப்பட்டது. பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அசல் தென்னாப்பிரிக்கா! ஆனால் 2010 தொடக்கத்தில், ஜகூமியின் பிளாஸ்டிக் பொம்மைகளைச் செய்த ஷாங்காய் ஆலையில் கூலியும் வேலை நேரமும் மோசம் என்று செய்தி வந்தது. அந்த உரிமத்தில் ஆளும் கட்சி எம்பி ஒருவரின் நிறுவனம் சம்பந்தப்பட்டிருந்தது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இந்த வேலையை இங்கே கொடுத்திருக்கக் கூடாதா என்று கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பு சத்தம் போட்டது. அங்கே உற்பத்தியை நிறுத்தி வைத்தார்கள். நம் ஆலை எதுவும் அதனால் திறக்கவில்லை என்பது வேறு கதை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் சிவப்புத் தொப்பிப் பொம்மைகளில் பெரும்பாலானவை சீனாவில் தைத்தவை என்று பிரெஞ்சுக்காரர்களும் சண்டை போட்டார்கள். சின்னத்தின் உரிமம் வாங்கியவர் அதற்குப் பணம் கட்டுகிறார். போட்டி முடிந்தால் சரக்குக்கு மதிப்பில்லை, எனவே சீக்கிரமாகவும் மலிவாகவும் தைத்துத் தரும் ஊருக்கு வேலை போகிறது.

ஆனாலும் தூக்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2010இல் இந்த நாடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதும், அதே சமயம் நம் வீடுகளில் நடந்ததும், ஒரே பொம்மையில் சேர்ந்து இருக்கின்றன. அந்தச் சீட்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஸ்டேடியத்தில் ஊதிய வுவுசேலா ஊதுகுழல் எதுவும் இந்தக் கதையைச் சொல்லாது.

ஒன்று செய்து பாருங்கள். பொம்மையை அம்மா கையில் கொடுத்து, தையலைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட பொம்மையைத் துணியின் உள்பக்கம் வெளியே தெரியத் தைத்து, ஒரு சின்ன வாய் விட்டு, அதன் வழியே திருப்பிப் பஞ்சு அடைப்பார்கள். கடைசியில் அந்த வாயைக் கையால் தைத்து மூடுவார்கள். பெரும்பாலும் முதுகிலோ அடியிலோ இருக்கும். அம்மா ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதைத் தைத்தவளும் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவளாக இருக்கலாம் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கே தெரியும். திட்டுவது என்றால் அப்புறம் அவளை விட்டுவிட்டு உரிமம் வாங்கியவர்களைத் திட்டட்டும்.

டர்பன் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் மெஷினில் போடாதீர்கள். மிதமான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் அந்தப் பச்சை முடி வெளுத்துப் போகலாம்.