வேறு கம்பெனியின் இடிஎஸ் ஃபைலில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பலாமா?

கேள்வி: ஓசூர் சிப்காட் பக்கம் நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்ன யூனிட் நடத்துகிறோம். 4-20 மில்லிஆம்பியர் சிக்னல் வாங்கும் நான்கு சானல் மாட்யூல் ஒன்றை நாங்களே டிசைன் செய்து, கேன்ஓப்பன் (மெஷினில் உள்ள சாதனங்கள் ஒரே பஸ் கம்பியில் பேசிக்கொள்ளும் முறை) வழியாக பிஎல்சியோடு (மெஷினை இயக்கும் கண்ட்ரோலர்) பேச வைத்திருக்கிறோம். மாட்யூலின் விவரங்களை பிஎல்சிக்குச் சொல்லும் ஃபைலாம், மெஷின் கட்டுகிறவர்கள் "இடிஎஸ் ஃபைல் அனுப்புங்க சார்" என்றார்கள். வேறொரு கம்பெனி மாட்யூலின் ஃபைலை நோட்பேடில் திறந்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டோம். போச்சம்பள்ளியில் ஒருவருக்கு பிஎல்சி "இது வேறு சாதனம்" என்று நின்றுவிடுகிறது. ஓசூரிலேயே இன்னொருவருக்கு மாட்யூல் தெரிகிறது, ஆனால் நான்கு சானலும் பூஜ்யம். தர்மபுரி கஸ்டமரிடம் எந்த ஃபைல் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. இதற்கென்று எடிட்டர் இருக்கிறதாமே, எதை எடுப்பது, எப்படி ஆரம்பிப்பது?

பதில்: மூன்று இடத்திலும் ஒரே கோளாறுதான். ஃபைல் ஒன்று சொல்கிறது, போர்டுக்குள் இருந்து அதை ஓட்டும் மென்பொருளான ஃபர்ம்வேர் வேறொன்று செய்கிறது. கஸ்டமரின் பிஎல்சி மென்பொருள் உங்கள் மாட்யூலைக் கண்ணால் பார்த்ததில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் அந்த இடிஎஸ் ஃபைல்தான், அதில் இருப்பதை அப்படியே நம்பி உட்கார்ந்திருக்கும். அதனால் எந்த எடிட்டர் என்பது இரண்டாவது கேள்வி. ஃபைலும் ஃபர்ம்வேரும் ஒரே இடத்திலிருந்து பிறக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இப்போது உங்களிடம் அது ஃபர்ம்வேர் எழுதுகிறவர் கையில் ஒன்று, மெயில் அனுப்புகிறவர் கையில் ஒன்று என்று இரண்டாகக் கிடக்கிறது.

இடிஎஸ் என்பது வெறும் டெக்ஸ்ட் ஃபைல். பழைய விண்டோஸ் ஐஎன்ஐ ஃபைல் போல சதுர அடைப்புக்குள் தலைப்பு, கீழே பெயர்-மதிப்பு வரிகள். எப்படி எழுத வேண்டும் என்பதை சிஐஏ 306 என்ற ஆவணம் சொல்கிறது. சிஐஏ என்றால் ஜெர்மனியின் நியூரம்பெர்கில் இருக்கும் கேன் இன் ஆட்டோமேஷன் அமைப்பு, கேன்ஓப்பன் விதிகளையெல்லாம் வைத்திருப்பது அவர்கள்தான். ஃபைலின் தலைமாட்டில் ஃபைலைப் பற்றிய விவரம், அடுத்து சாதனத்தைப் பற்றிய விவரம், அப்புறம் முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொள்ளும் ஆப்ஜெக்ட் பட்டியல். ஆப்ஜெக்ட் என்றால் மாட்யூலுக்குள் எண் போட்டு வைத்த ஒரு மதிப்பு அல்லது செட்டிங். (இங்கே நான் எழுதும் ஆப்ஜெக்ட் எண்கள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்கள்.) 1000-லிருந்து தொடங்குபவை தொடர்பு சம்பந்தப்பட்டவை, 2000-லிருந்து தொடங்குபவை நீங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்பவை, 6000-லிருந்து தொடங்குபவை சாதன வகைக்கென்று பொதுவாக வகுத்தவை. உங்கள் மாட்யூல் மாதிரி ஐ/ஓ சாதனங்களுக்கு சிஐஏ 401.

போச்சம்பள்ளி பிரச்சினையை முதலில் பார்ப்போம். 1018 என்ற ஆப்ஜெக்ட்தான் மாட்யூலின் அடையாள அட்டை: அதில் வெண்டர் எண், பொருள் குறியீடு, ரிவிஷன் எண், சீரியல் எண் என்று நான்கு. ஒழுங்காக எழுதப்பட்ட மாஸ்டர் (இங்கே பிஎல்சி) பூட் ஆகும்போது பஸ்ஸில் உள்ள ஒவ்வொரு சாதனத்திடமும், அதாவது நோடிடமும், இந்த 1018-ஐக் கேட்டு, ஃபைலில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஃபைலில் நீங்கள் பெயரை மாற்றினீர்கள், வெண்டர் எண்ணை மாற்றவில்லை, போர்டோ வேறு எண்ணைச் சொல்கிறது. "வேறு சாதனம்" என்று பிஎல்சி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. போர்டிலும் அந்த கம்பெனியின் எண்ணையே போட்டுவிட்டால் ஓடுமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். அது அடுத்தவர் ஆதார் எண்ணைக் கொடுத்து சிம் வாங்குகிற வேலை. வெண்டர் எண்ணை சிஐஏவிடம் விண்ணப்பித்து உங்கள் பெயரிலேயே வாங்குங்கள், அவர்கள் அமைப்பில் உறுப்பினராகாமலும் வாங்க முடியும். ஒரு தடவை வாங்கினால் அடுத்து நீங்கள் செய்யப்போகும் எல்லா மாட்யூலுக்கும் அதுவே போதும், பொருள் குறியீட்டை மட்டும் நீங்களே பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஓசூர் கஸ்டமரின் பூஜ்யம் வேறு கதை. கேன்ஓப்பனில் அனலாக் வேலைக்கு இறங்கிய பலரும் இந்தக் குழியில் ஒரு தடவையாவது விழுந்திருப்பார்கள். சிஐஏ 401-இல் 6423 என்று ஒரு ஆப்ஜெக்ட் உண்டு, அனலாக் மதிப்பு மாறினால் தானாக அனுப்பலாமா என்று அனுமதி கொடுக்கும் சுவிட்ச் அது. விதிப்படி அதன் ஆரம்ப நிலை பொய், அதாவது பூஜ்யம். மாஸ்டர் அதில் 1 எழுதும்வரை உங்கள் மாட்யூல் வாயைத் திறக்காது. கடன் வாங்கிய ஃபைலில் அந்த ஆப்ஜெக்டே இல்லையென்றால், பிஎல்சி மென்பொருளில் அதற்கு 1 கொடுக்க கஸ்டமருக்கு வழியும் இல்லை. அந்த வரி ஃபைலில் இருக்க வேண்டும், எழுதக்கூடியது என்று இருக்க வேண்டும், டிஃபால்ட் 0 என்றே இருக்க வேண்டும். ஃபைலில் டிஃபால்ட்டை 1 என்று போட்டு ஏமாற்ற நினைத்தால் இன்னும் மோசம். ஏற்கெனவே 1 தானே என்று பல மாஸ்டர்கள் அதை எழுதாமலே தாண்டிப் போய்விடும்.

அதே இடத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 401-இன்படி அனலாக் உள்ளீடுகள் இயல்பாகப் போவது இரண்டாவது டிபிடிஓவில் (மாட்யூல் தன் மதிப்புகளை அனுப்பும் பிடிஓ என்ற செய்தி), அதன் விவரம் 1801-இல் இருக்கும். அதன் கேன் ஐடி 280 கூட்டல் நோட் எண். எடிட்டரில் இதை நோட்ஐடி என்ற சொல்லோடு சேர்த்துக் கணக்காகத்தான் எழுத வேண்டும். சிலர் தங்கள் மேஜையில் நோட் எண் 1 வைத்து சோதித்துவிட்டு 281 என்று நேராக அடித்து வைத்திருப்பார்கள். மேஜையில் அருமையாக ஓடும். கஸ்டமர் இரண்டு மாட்யூல் மாட்டிய அன்று, பிஎல்சி இரண்டுக்குமே 281 என்று எழுதிவைக்க, இரண்டும் ஒரே ஐடியில் கத்த ஆரம்பித்து மொத்த பஸ்ஸும் எரர் காட்டும். அந்தச் செய்தியில் எது போகும் என்று சொல்லும் மேப்பிங் வரியில் 64010110 என்று எண் இருந்தால் குழம்ப வேண்டாம். 6401 ஆப்ஜெக்ட், 01-ஆவது சானல், கடைசி 10 என்பது ஹெக்ஸில் 16 பிட். நான்கு சானலுக்கு 64 பிட், அதாவது ஒரு பிடிஓவின் எட்டு பைட்டும் நிறைந்துவிடும், ஐந்தாவதாக ஸ்டேட்டஸ் பைட் ஏதாவது சேர்க்க ஆசைப்பட்டால் இன்னொரு பிடிஓ வேண்டும்.

6401-இன் டேட்டா டைப் 0003, குறியுள்ள 16 பிட். கடன் ஃபைலில் அது 0006, குறியில்லாதது என்று இருந்திருந்தால், ஒயர் அறுந்ததைக் காட்ட நீங்கள் -1 அனுப்பும்போது அங்கே திரையில் 65535 வந்து நிற்கும். உங்கள் சென்சார் பைத்தியம் பிடித்து ஆடுகிறது என்று ஃபோன் வரும்.

சரி, எடிட்டர். உங்கள் அளவு யூனிட்டுக்கு நான் சொல்வது கேன்ஓப்பன்நோட் திட்டத்தோடு வரும் கேன்ஓப்பன்எடிட்டர். திறந்த மூலம், காசு கிடையாது, விண்டோஸில் ஓடும். வெக்டர் நிறுவனத்தின் கேன்இடிஎஸ் என்ற எடிட்டரும் நல்லது. செய்து முடித்த ஃபைலை அதிலும் ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்ல பழக்கம், ஒன்று கண்டுகொள்ளாத தப்பை இன்னொன்று பிடிக்கும். முதலாவதை நான் முன்னால் வைக்கக் காரணம், அது இடிஎஸ் மட்டும் தருவதில்லை. நீங்கள் போர்டில் கேன்ஓப்பன்நோட் ஸ்டாக் (கேன்ஓப்பன் பேசுவதற்கான ஆயத்த நிரல்) பயன்படுத்துகிறவர் என்றால், அதே பட்டியலிலிருந்து ஃபர்ம்வேருக்கு வேண்டிய சி ஃபைலையும் ஹெடர் ஃபைலையும் எழுதிக் கொடுத்துவிடும். 6423-ஐ அங்கே ஒரு தடவை சேர்த்தால் போர்டுக்கும் போகும், கஸ்டமருக்கும் போகும். யாரும் எதையும் கையால் இரண்டு இடத்தில் அடிக்க வேண்டியதில்லை.

ஆரம்பிக்கும்போது கடன் ஃபைலைத் திறந்து திருத்தாதீர்கள், புதிதாகத் தொடங்குங்கள். சாதன விவரத்தில் உங்கள் பெயர், வெண்டர் எண், பொருள் குறியீடு, ரிவிஷன். போர்டு உண்மையில் ஓடும் வேகங்களை மட்டும் டிக் செய்யுங்கள், எல்லாவற்றையும் டிக் செய்து வைப்பது பெருமையில்லை. 1000 ஆப்ஜெக்டில் 00040191. அதில் 191 என்பது 401-ஐ ஹெக்ஸில் எழுதியது, முன்னால் உள்ள 4 அனலாக் உள்ளீடு மட்டும் உள்ள சாதனம் என்று சொல்கிறது. 1001, 1018 கட்டாயம். 1017 ஹார்ட்பீட்டையும் சேர்த்துவிடுங்கள், மாட்யூல் உயிரோடு இருக்கிறதா என்று அறிய கஸ்டமர் அதைத்தான் தேடுவார். 6401-ஐ அரே வகையாகச் சேர்த்து சானலுக்கு ஒன்றாக நான்கு துணை எண், படிக்க மட்டும், பிடிஓவில் மேப் செய்யலாம் என்ற குறியையும் போட்டுவிடுங்கள். அது விட்டுப்போனால் கஸ்டமரின் மேப்பிங் பட்டியலில் சானலே தென்படாது.

துணை எண் கணக்கில் கையால் திருத்துகிறவர்கள் தவறாமல் சறுக்குவார்கள். நான்கு சானல் என்றால் பூஜ்யமாவது இடத்தில் 4 என்று மதிப்பு, ஆனால் மொத்த துணை எண்ணிக்கை 5, ஏனென்றால் அந்தப் பூஜ்யமாவது இடமும் கணக்கில் சேரும். எடிட்டர் இதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும். தேதியும் அப்படித்தான். இடிஎஸ்ஸில் மாதம் முதலில், நாள் அடுத்து. பெயர்களில் டிகிரி குறி, மைக்ரோ குறி, தமிழ் எழுத்து எதுவும் வேண்டாம், ஃபைல் வெறும் ஆஸ்கி. பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் சேரும், கண்ணுக்குத் தெரியாத குறி) சேர்த்து யுடிஎஃப்-8-இல் சேமித்துவிட்டால் சில மென்பொருள்கள் முதல் தலைப்பையே அடையாளம் காணாமல் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடும், காரணமும் சொல்லாது.

அனுப்பும் முன் ஒரு சோதனை. மலிவான யூஎஸ்பி-கேன் அடாப்டர் ஒன்றும், பைதானில் கேன்ஓப்பன் லைப்ரரியும் போதும். அந்த லைப்ரரி இடிஎஸ்ஸை நேராகப் படிக்கும். ஃபைலில் உள்ள ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் போர்டிடம் எஸ்டிஓ (ஒரு ஆப்ஜெக்டைக் குறிப்பிட்டுப் படிக்கவும் எழுதவும் உள்ள வழி) மூலம் கேட்டு, பதிலை டிஃபால்ட்டோடு ஒப்பிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கேம்பஸிலிருந்து புதிதாக வந்த பையனே ஒரு மதியத்தில் எழுதிவிடுவான். 06020000 என்று பதில் வந்தால் அந்த ஆப்ஜெக்டே போர்டில் இல்லை. 06090011 என்றால் துணை எண் இல்லை. எழுதிப் பார்க்கும்போது 06070010 என்றால் நீளம் பொருந்தவில்லை, பெரும்பாலும் டேட்டா டைப் தப்பு. 06010002 என்றால் படிக்க மட்டும் உள்ளதில் எழுதப் போயிருக்கிறீர்கள். ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தால்தான் ஃபைல் மெயிலில் ஏற வேண்டும்.

தர்மபுரி கஸ்டமர் விஷயம் நிர்வாகம் சம்பந்தப்பட்டது. எடிட்டரின் ப்ராஜெக்ட் ஃபைல், அதிலிருந்து வந்த இடிஎஸ், சி ஃபைல்கள் எல்லாம் ஃபர்ம்வேரோடு ஒரே கிட் (மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள்) களஞ்சியத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் "ஃபைனல்", "ஃபைனல் புதுசு" என்று சுற்றுகிற ஃபைல்களை இன்றோடு நிறுத்துங்கள். 1018-இன் ரிவிஷன் எண்ணில் மேல் 16 பிட் பெரிய மாற்றத்துக்கு, கீழ் 16 பிட் சின்ன மாற்றத்துக்கு. ஆப்ஜெக்ட் கூடினாலோ குறைந்தாலோ, டைப் மாறினாலோ மேல் எண்ணை ஏற்றுங்கள், ஏடிசி ஃபில்டரைத் திருத்தியதற்கெல்லாம் கீழ் எண் போதும். ஃபைல் பெயரிலும் அந்த எண் இருக்கட்டும், மாட்யூலின் ஸ்டிக்கரிலும் அச்சடியுங்கள். பேனல் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் எந்த ஃபைல் என்று உடனே தெரிந்துவிடும்.

டிசிஎஃப் என்று ஒன்றும் கேட்பார்கள், இடிஎஸ்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இடிஎஸ் மாடலுக்கு ஒன்று, டிசிஎஃப் அந்தக் குறிப்பிட்ட மெஷினில் உள்ள அந்தக் குறிப்பிட்ட மாட்யூலுக்கு, நோட் எண், வேகம், செட்டிங் மதிப்புகளோடு. அதை மெஷின் கட்டுகிறவர்தான் வைத்திருக்க வேண்டும். ஒருவேளை நீங்களே செய்து கொடுக்கும்படி ஆனால், அதில் கமிஷனிங் பகுதியின் தலைப்பு ஆங்கிலத்தில் ஒரே ஒரு எம்மோடு இருக்கும். பார்த்தவுடன் தப்பு என்று கை துறுதுறுக்கும், திருத்தாதீர்கள். விதி ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதிவிட்டார்கள், மென்பொருள்களும் அந்தத் தப்பான எழுத்தைத்தான் தேடுகின்றன.

இப்போதைக்கு ஓசூர் கஸ்டமரிடம் எஸ்டிஓ மூலம் 6423-இல் 1 எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மதிப்பு ஓட ஆரம்பித்தால் அங்கே நோய் அதுதான். போச்சம்பள்ளிக்கு உங்கள் சொந்த வெண்டர் எண் வரும்வரை அனுப்புவதற்கு எதுவும் இல்லை, அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். எண் வந்ததும் புது ஃபர்ம்வேரும் அதோடு பிறந்த ஃபைலும் மூன்று பேருக்கும் ஒரே நாளில் போகட்டும், பழைய ஃபைலை பிஎல்சி மென்பொருளின் சாதனப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றும்படி மெயிலில் ஒரு வரி எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் அருகருகே நிற்கும், எலக்ட்ரீஷியன் பழையதைத்தான் கிளிக் செய்வார்.