எண்ணெய்ப்பசைச் சருமத்துக்கு ஜெல்லா, க்ரீமா?

சென்னையில் வசிக்கும் உங்கள் எண்ணெய்ப்பசை முகத்துக்கு மாய்ஸ்சரைசர் தேவையா, தேவையெனில் ஜெல்லா க்ரீமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் தேவை; ஏனெனில் முகத்தில் வழியும் எண்ணெய் வேறு, தோலின் மேலடுக்கில் இருக்க வேண்டிய நீர்ச்சத்து வேறு. காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊரில் தோலிலிருந்து நீர் மெதுவாகவே ஆவியாவதால், நீரை ஈர்த்துப் பிடித்துவைக்கும் கிளிசரினோ ஹயலூரானிக் அமிலமோ கலந்த, நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் போதும். ஆனால் நாள் முழுவதும் ஏசி அறையில் இருப்பவருக்கு, அங்குள்ள வறண்ட காற்று ஈரத்தை இழுத்துவிடுவதால், சற்றே கனமான லோஷன் பொருந்தும். இயல்பிலேயே வறண்ட சருமம் உடையவர்கள், அதிலும் ஊட்டிக் குளிரில் இருப்பவர்கள், செராமைடும் (தோலில் இயல்பாகவே உள்ள கொழுப்பு வகை) பெட்ரோலாட்டமும் (வாசலின் போன்ற பசை) உள்ள கெட்டியான க்ரீமை, முகம் கழுவிய ஈரம் முழுதும் உலருமுன் பூச வேண்டும் என்பதை வலியுறுத்துவேன். முகப்பரு வருபவர்கள் தேங்காயெண்ணெயை முகத்தில் தடவாதிருப்பது நல்லது. அது சருமத் துளைகளை அடைக்கக்கூடியது.