லீவ் என்றால் போ என்று அர்த்தமில்லை, தங்கச்சி

தங்கச்சி, நீங்கள் கேட்டது மூன்று விசயம். பிரித்தானிய விசாக் கடிதத்தில "லீவ் டு ரிமெயின்" என்று கிடக்குது, லீவ் என்றால் போ, ரிமெயின் என்றால் இரு, அப்ப இவங்கள் என்னதான் சொல்லுறாங்கள் என்பது முதலாவது. ஊருக்குப் போக வேலையில ரெண்டு மாதம் லீவு கேட்கலாமோ என்பது ரெண்டாவது. என்ன கோட் வாங்கிறது, எந்தப் பக்கம் வாடகை குறைவு என்பது மூன்றாவது. கோட்டும் வாடகையும் உங்களோட வேலை செய்யிறவையே சொல்லுவினம். முதல் ரெண்டையும் நான் சொல்லுறன். அந்த ஒரு சொல்லால பதினாறு நாள் நித்திரை இல்லாமல் கிடந்தவன் நான்.

1997 கடைசியில வந்து இறங்கினனான். அசைலம் கேஸ், அதாவது அகதித் தஞ்சம் கேட்டனான். 2000ஆம் ஆண்டு மாசி மாதம் கடிதம் வந்தது. லண்டன் ஈஸ்ட்ஹாமில ஒரு அறையில நாலு பேர் இருந்தம். முதல் பந்தியில "ரிஃபியூஸ்ட்" என்று இருந்தது. அந்தச் சொல் எனக்கு நல்லாத் தெரியும். அடுத்த பந்தியில "எக்செப்ஷனல் லீவ்". எங்களோட இருந்த அண்ணர் ஒருத்தர் எனக்கு எட்டு வருசம் முந்தி வந்தவர். கடிதத்தை வாங்கி ஒருக்கால் பார்த்திட்டு, "கேஸை மறுத்திட்டாங்கள், உன்னை லீவ் பண்ணச் சொல்லுறாங்கள்" என்றார். எட்டு வருசம் முந்தி வந்தவர் சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்று நம்பினன். அன்றைக்கு இரவே கட்டிலுக்குக் கீழ கிடந்த பாக்கை இழுத்து உடுப்பெல்லாம் அடுக்கினன்.

பிறகு ஒரு மொழிபெயர்ப்பாளரிட்டப் போனன். இருபது பவுண்ஸ் வாங்கினார். அதே வரியை "விசேட விடுமுறை" என்று தமிழில எழுதித் தந்தார். ஒருத்தர் வெளியேறு என்றார், மற்றவர் விடுமுறை என்றார். ரெண்டும் பிழை. இன்றைக்கும் அந்த இருபது பவுண்ஸை நினைச்சால் எனக்கு வயிறு எரியும்.

பதினாறாவது நாள் நூலகத்தில, மேசைக்கு அங்கால இருந்த வயது போன வெள்ளைக்காரப் பெண்மணியிட்டக் கடிதத்தைக் காட்டினன். அவ பேசாமல் ஒரு தடிச்ச அகராதியை எடுத்து விரிச்சா. "லீவ்" அதில ரெண்டு தரம் தனித்தனியா அச்சடிச்சுக் கிடந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில மேல சின்னதா 1, மற்றதுக்கு 2. ஒரே சொல்லின்ர ரெண்டு அர்த்தம் இல்லை, எழுத்து மட்டும் ஒத்துப்போன ரெண்டு வேற சொல். அவ ரெண்டாவதுக்குக் கீழ விரலை வைச்சா. நகம் ஒட்ட வெட்டின விரல். அங்க "பெர்மிஷன்" என்று இருந்தது. அனுமதி. அகதி அந்தஸ்து தரேல்லை, ஆனால் நாலு வருசம் இருக்க அனுமதி தந்திருக்கிறாங்கள் என்று மெதுவா விளங்கப்படுத்தினா. நான் அந்த மேசையிலேயே அழுதிட்டன்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: உங்கட கடிதத்தில இருக்கிற லீவ் அனுமதி. லீவ் டு என்டர் என்றால் உள்ள வர அனுமதி, லீவ் டு ரிமெயின் என்றால் தங்கியிருக்க அனுமதி, முன்னால "இன்டெஃபினிட்" சேர்ந்தால் காலவரை இல்லாத அனுமதி. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில போட்ட சொல் இன்னும் அப்படியே இருக்குது. இங்கிலாந்தின்ர சிவில் நீதிமன்றங்களிலயும் முந்தி "லீவ் டு அப்பீல்" என்றுதான் எழுதினவை. 1999இல விதிகளை எளிமையாக்கேக்க அதைப் "பெர்மிஷன்" என்று மாத்திட்டினம். எங்கட கடிதத்துக்கும் அந்த இரக்கத்தைக் காட்டியிருக்கலாம்.

பின்னாளில நான் இதைத் தேடிப் படிச்சன். அனுமதி என்ற லீவுக்கும் ஜெர்மன் மொழியில அனுமதியைக் குறிக்கிற "எர்லௌப்னிஸ்" என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். ஜெர்மனியில இருக்கிற என்ர ஒன்றுவிட்ட அண்ணரின்ர வதிவிட அட்டையில அந்தச் சொல் இருக்குது. அங்க விடுமுறைக்குச் சொல்லுற "ஊர்லௌப்" என்பதும் அதே குடும்பம். நாங்கள் வேலையில எடுக்கிற லீவும் அப்படித்தான், வராமல் இருக்கத் தாற அனுமதி. போறது என்ற மற்ற லீவ் இன்னும் அதிசயம். அதின்ர பழைய பொருள் இருக்க விடுறது, மிச்சம் வைக்கிறது. "தங்கு" என்பதற்கு ஜெர்மன்காரர் சொல்லுற "பிளைபன்" அதின்ர சொந்தக்காரன். தமிழில எங்களுக்கு இது புதுசில்லை. விடு என்ற ஒரு சொல்லில இருந்துதானே விடுப்பு, விடுதலை, விடை எல்லாம் வந்தது. விடை தந்தார் என்றால் பதில் தந்தார் என்றும் எடுக்கலாம், போக அனுமதி தந்தார் என்றும் எடுக்கலாம்.

இனி ரெண்டாவது கேள்வி. இதைக் கவனமாக் கேளுங்கோ, ஏனென்றால் இங்க ஒரு லீவு மற்ற லீவைத் தின்னும்.

நீங்கள் ஸ்பொன்சர் விசாவில, அதாவது முதலாளி பொறுப்பு நிற்கிற விசாவில, வேலை செய்யிறீங்கள். கிழமைக்கு அஞ்சு நாள் வேலை என்றால் சட்டப்படி வருசத்துக்கு 28 நாள் சம்பளத்தோட லீவு. இங்கிலாந்தில பேங்க் ஹொலிடே எட்டும் அந்த 28க்குள்ளயே அடங்கலாம். அப்படிப் பார்த்தால் கையில 20 நாள். ரெண்டு மாதத்தில வேலை நாள் ஏறக்குறைய 43 வரும். மிச்சம் 23 நாள் சம்பளமில்லாத லீவு. ஒரு வருசத்தில சம்பளமில்லாத லீவு மொத்தமா நாலு கிழமையைத் தாண்டினால் முதலாளி உங்கட ஸ்பொன்சரை நிறுத்த வேணும். பிரசவம், சுகயீனம் போன்ற சிலதுக்குத்தான் விலக்கு. ஸ்பொன்சர் போனால் வழமையா 60 நாள் தருவாங்கள், அதுக்குள்ள வேற ஸ்பொன்சரைத் தேட வேணும். மனேஜர் நல்ல மனிசர், "நோ ப்ரொப்ளம், டேக் யுவர் லீவ்" என்பார். அவருக்கு வேலையிட லீவு மட்டும்தான் தெரியும். எச்ஆர் ஆக்களிட்ட எழுத்தில கேளுங்கோ. சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ச்சியா பத்து வேலை நாளுக்கு மேல வேலைக்கு வராமல் நின்றால் அதையும் அவை ஹோம் ஒஃபிசுக்கு அறிவிக்க வேணும்.

விசா முடியிற திகதிக்கு முன்னமே புதுப்பிக்கப் போட்டிடுங்கோ. போட்டால், முடிவு வரும்வரைக்கும் பழைய அனுமதி தானா நீளும், லோயர்மார் அதைத்தான் "3சி லீவ்" என்பினம். ஆனால் முடிவு வரமுன்னம் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தையே திருப்பி எடுத்ததாக் கணக்கு. தங்கச்சின்ர கலியாணம் என்று போய், திரும்பி வரேலாமல் நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும். நிரந்தர அனுமதி கிடைச்சபிறகும் தொடர்ந்து ரெண்டு வருசம் வெளியில இருந்தால் அதுவும் போயிடும்.

இதையெல்லாம் அரைகுறையா வாசிச்சுச் சொல்லுற பழைய ஆக்கள் எல்லா ஊரிலயும் இருக்கினம். கெட்ட மனம் இல்லை, தெரியாது என்று சொல்ல வெட்கம். வந்து இருபது வருசம் ஆச்சு என்பது கடிதம் வாசிக்கிற தகுதி இல்லை. பதிவு பெற்ற லோயரிட்டக் காட்டுங்கோ. நான் இப்ப சனிக்கிழமைகளில கோயில் மண்டபத்தில இருந்து புதுசா வாற பிள்ளைகளுக்குக் கடிதம் வாசிக்கிறனான். தெரியாத வரி வந்தால் தெரியாது என்றே சொல்லி அனுப்புவன்.

2016 ஆனி 23, ஐரோப்பிய ஒன்றியத்தில இருக்கிறதோ விலகிறதோ என்ற வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டைக் கையில எடுத்தால் மேல ரிமெயின், கீழ லீவ். ரெண்டில ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லிக் கேட்டது. 51.9 வீதம் லீவுக்குப் போனது. எங்கட ஆக்களிலயும் கனபேர் அதுக்குப் போட்டினம். அந்த ரெண்டு சொல்லும் சேர்ந்து ஒரு தாளில வந்ததாலதான் நாங்கள் இந்த நாட்டில இருக்கிறம் என்று அன்றைக்கு அவையளோட நிறையச் சண்டை பிடிச்சன்.

இன்னொன்றும் சொல்ல வேணும். 2001இல அப்பா ஊரில காலமானார். நான் அப்ப ஒரு வேர்ஹவுஸில நைட் வேலை. மனேஜர் ஒரு படிவம் தந்தார், "டைப் ஒஃப் லீவ்" என்று கேட்டு வரிசையாப் பெட்டிகள். அவரே பேனையை வாங்கி "கம்பாஷனேட்", அதாவது துக்கத்துக்குத் தாற லீவு, என்ற பெட்டியில சரி போட்டு, ஒரு கிழமை என்று எழுதினார். ஊருக்குப் போற நிலைமை அப்ப இல்லை. அந்த ஏழு நாளும் அறையில ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைச்சிட்டு அதுக்கு முன்னால இருந்தனான். எட்டாம் நாள் இரவு வேலைக்குப் போக, "ஊரில எல்லாம் முடிஞ்சுதோ" என்று மனேஜர் கேட்டார். ஓம் என்றன்.