சீரியல் பாட்டிகளின் வீரமும் ஈரமும்: கேள்வி பதில்

திருகோணமலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். தொலைக்காட்சித் தொடர்களில் வரும் வயதான பெண்களுக்கு ‘ஆண் குணம்’, ‘பெண் குணம்’ எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். என்னால் முடிந்த பதில்கள் இவை.

கிண்ணியாவிலிருந்து: ரீச்சர், சத்தம் போட்டு வீட்டையே ஆட்டிப்படைக்கும் சீரியல் மாமியாருக்கு ஆண் குணம் என்று சொல்லலாமா?

சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் தங்கச்சி. சாண்ட்ரா பெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1974இல் 60 குணச் சொற்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் 20 சொற்கள் சமூகம் ஆணிடம் எதிர்பார்ப்பவை: தன் காலில் நிற்பது, தலைமை தாங்குவது, துணிந்து முடிவெடுப்பது போன்றவை. 20 சொற்கள் பெண்ணிடம் எதிர்பார்ப்பவை: பரிவு, மென்மை, விட்டுக்கொடுத்தல், பிள்ளைகள்மேல் பிரியம். மீதி 20 பொதுவானவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி. ஒரே ஆள் இரண்டு பக்கத்திலும் நிறையப் புள்ளி எடுக்கலாம் என்று பெம் காட்டியதுதான் இதில் பெரிய விஷயம்.

இப்போது உங்கள் மாமியாருக்குப் புள்ளி போடுங்கள். அதட்டுகிறார், சரி. ஆனால் செய்வதெல்லாம் மகனுக்காக, மகன் பெயரைச் சொல்லி. மகன் ஒருதரம் முறைத்தால் அடங்கிவிடுகிறார். தன் காலில் நிற்பதற்கு நான் 2க்கு மேல் கொடுக்கமாட்டேன். யாருடைய காசு, யாருடைய முடிவு, பிழையாகிப் போனால் யார் தாங்குவது என்று பாருங்கள். குரலைவிட அது நிறையச் சொல்லும்.

நிலாவெளியிலிருந்து: துணிச்சலான வயதான பெண் என்றாலே வில்லியாக்கிவிடுகிறார்களே, ஏன்?

கிழமையில் ஐந்தாறு நாள் ஓட வேண்டிய கதைக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் எதிரி தேவை. ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். எந்நேரமும் வீட்டில் இருப்பவர் மூத்த பெண். ஆகவே சூழ்ச்சியெல்லாம் அவர் தலையில் விழுகிறது. அவருக்குத் துணிவைக் கொடுக்கிற கையாலேயே பரிவைப் பறித்துக்கொள்கிறார்கள். நல்ல பாட்டி என்றால் நேர்மாறு: சாமியறை, திருநீறு, கண்ணீர், அவ்வளவுதான். எனக்கு இது பொறுக்கவே பொறுக்காது.

‘வாணி ராணி’யைப் பாருங்கள். 2013 முதல் 2018 வரை சன் தொலைக்காட்சியில் ஓடியது. இரட்டைச் சகோதரிகளாக ராதிகா. வாணி வக்கீல், ராணி குடும்பத் தலைவி. வாதாடும் மூளை ஒருத்திக்கு, வீட்டைக் கட்டிக்காக்கும் மனம் மற்றவளுக்கு. ஐம்பது வயது நடிகை ஒருவர் இரண்டையும் செய்து காட்டுகிறார். ஆனால் கதை இரண்டையும் ஒரே பெண்ணிடம் கொடுக்கத் தயங்கி ஆளைப் பிரித்துவிடுகிறது.

அப்புறம் 2022இல் ‘எதிர்நீச்சல்’ வந்தது. அதில் அப்பத்தாவின் பெயரில் சொத்தில் 40 சதவீதம். ஆண்கள் அவரைச் சுற்றிச்சுற்றி வருவது அதற்காகத்தான். அவரோ வீட்டு மருமகள்களின் பக்கம் நிற்கிறார். பணத்தின் பலமும் பெண்பிள்ளைகள்மேல் இரக்கமும் அவரிடம் ஒரே முடிவில் சேர்ந்துவிடுகின்றன. நடித்த பாம்பே ஞானம், பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவை 1989இல் தொடங்கியவர். அங்கே ஆண் வேடமும் பெண்களுக்கே. அப்பத்தா சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட ஒரு கம்பீரம் இருக்கிறதே, அது மேடை கொடுத்தது என்றே நினைக்கிறேன்.

சாம்பல்தீவிலிருந்து: எங்கட வீட்டில் அம்மம்மா வைத்ததுதான் சட்டம். சீரியலில் மட்டும் எப்பவும் மாமியார்தான் அதிகாரம் செய்கிறா. ஏன் எங்களோடு பொருந்தவில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தமிழ்நாட்டுத் தொடரில் மருமகள் கணவன் வீட்டுக்கு வருகிறாள். அங்கே மூத்த பெண்ணின் அதிகாரம் மகன் வழியாக வருவது. எங்கள் கிழக்குக் கரையில் பல குடும்பங்களில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. வந்து சேர்பவர் மாப்பிள்ளை. மூத்த பெண் வாழ்வது, பெற்று வளர்த்த மகளோடு. அவர் கண்டிப்பது சொந்தப் பிள்ளையை. வீடும் பெண்வழியில் வந்தது. அதனால் இங்கே அதட்டலும் அணைப்பும் ஒரே வாயிலிருந்து வரும். மாமியார்–மருமகள் சண்டையை அப்படியே கொண்டுவந்து இந்த வீட்டில் வைத்தால் ஒட்டாது.

போரிலும் 2004 சுனாமியிலும் ஆண்களை இழந்த எத்தனை அம்மம்மாக்கள் இங்கே தனியாகப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள், கச்சேரி (அரச செயலகம்) வரிசையில் நின்று காரியம் முடித்தார்கள்! பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு முதலில் ஓடுவதும் அவர்கள்தான். அப்படி ஒருவரை நடுவில் வைத்து எங்கள் மண்ணிலேயே ஒரு தொடர் எடுக்க வேண்டும். அழுகையை மட்டும் படம்பிடித்துவிட்டு வரக்கூடாது. அந்த வரிசையில் அவர் பேசிய பேச்சையும் எடுக்க வேண்டும்.

உப்புவெளியிலிருந்து: வயது போகப்போகப் பெண்களுக்கு ஆண் குணம் வரும் என்பது உண்மையா?

டேவிட் குட்மன் என்ற உளவியலாளர் அப்படித்தான் வாதிட்டார் தம்பி. மாயா, நவஹோ, ட்ரூஸ் மக்களிடம் ஆய்வு செய்தவர். பிள்ளை வளர்க்கும் பொறுப்பு முடிந்ததும் பெண்கள் துணிவடைகிறார்கள், ஆண்கள் மென்மையாகிறார்கள் என்றார். வயது தானாக எதையும் செய்துவிடாது என்பது என் கருத்து. கையில் வீடோ வருமானமோ வந்தால் இருபத்தைந்திலும் துணிவு வரும். எழுபதிலும் ஒன்றுமில்லாதவர் அடங்கித்தான் போகிறார்.

உவர்மலையிலிருந்து: வெளிநாட்டுத் தொடர்களில் யாரைப் பார்க்கலாம்?

மூவர். முதலாமவர் பிபிசியின் மிஸ் மார்ப்பிள். ஜோன் ஹிக்சன் 78 வயதில், 1984இல், நடிக்கத் தொடங்கினார். நூல் பின்னிக்கொண்டு ஊர்க்கதை கேட்கும் கிழவி என்று எல்லாரும் அசட்டையாக இருக்க, கொலைகாரனைப் பிடித்துவிடுவார். இரண்டாமவர் ‘வீரா’ (Vera) என்ற பிரிட்டிஷ் தொடரில் பிரெண்டா பிளெத்தின், தொப்பியும் பழைய கோட்டும் போட்ட பொலிஸ் அதிகாரி. கறார் என்றால் அப்படியொரு கறார், ஆனால் எதிரில் இருப்பவரைச் செல்லமாகக் கூப்பிட்டுத்தான் விசாரிப்பார்.

மூன்றாமவர் ஒஷின். இந்த ஜப்பானியத் தொடரை இலங்கையின் ரூபவாஹினித் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சின்னப்பிள்ளை ஒஷினைத்தான் நினைவில் வைத்திருப்பீர்கள். கதை தொடங்குவதோ எண்பது கடந்த ஒஷினில். குடும்ப வியாபாரத்தின் 17ஆவது கடை திறக்கும் நாளில், மகன் அதைக் கொண்டுபோகும் போக்குப் பிடிக்காமல், யாருக்கும் சொல்லாமல் புறப்பட்டுவிடுகிறார். வியாபாரத்தைக் கட்டியெழுப்பிய துணிவுதான் அதை விட்டு நடக்கவும் வைக்கிறது. நான் பார்த்த மூத்த பெண் பாத்திரங்களில் அவருக்கே முதலிடம்.

மூதூரிலிருந்து ஓர் உயர்தர மாணவி: இதைச் செயற்றிட்டமாகச் செய்ய விரும்புகிறேன் ரீச்சர். எப்படித் தொடங்குவது?

ஒரேயொரு பாத்திரத்தை எடுங்கள் மகள். தொடர்ந்து பத்து அத்தியாயம் பாருங்கள். அவர் முடிவெடுக்கும் காட்சிகளை மட்டும் குறித்து, அந்த முடிவு நிலைத்ததா, யாராவது மாற்றினார்களா என்று பக்கத்தில் எழுதுங்கள். உடுப்பு, நகை, பின்னணி இசை எல்லாம் பிறகு பார்க்கலாம். பெம்மின் சொற்களை அப்படியே எடுக்காதீர்கள், அவை அமெரிக்கச் சமூகத்தின் எதிர்பார்ப்புகள். உங்கள் உம்மும்மா, பெரியம்மாவிடம் கேட்டு உங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் தயாரியுங்கள். முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் வாசித்துச் சொல்கிறேன்.