கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டைமர் அதிர்வெண்ணை ஒரே இடத்தில் வரையறுப்பது அவசியமா, வெறும் ஒப்பனை வேலையா?

அவசியம். நீங்களும் இப்படியொரு பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பியிருப்பீர்கள், "ஒரு எண்ணை மாற்றுவதெல்லாம் வேலையா" என்று யாராவது கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பழைய பிசியின் 8254 என்ற டைமர் சிப்புக்குப் போவது 14.318182 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் (துடிப்பு தரும் படிகம்) அதிர்வெண்ணை 12-ஆல் வகுத்த கடிகாரத் துடிப்பு. கணக்குப் போட்டால் 1193181.8, முழு எண்ணில் 1193182. சிலர் 1193180 என்று முடித்துவிடுவார்கள். துடிப்புகளை எண்ணி இந்த எண்ணால் வகுத்துத்தான் வினாடியாக்குகிறோம், அங்கேதான் வம்பு.

எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். தொழிற்சாலைகளில் லாக் (நேரத்தோடு நிகழ்வுப் பதிவு) எடுக்கும் பெட்டி, எங்கள் சொந்தக் கெர்னல். ஒரு வாடிக்கையாளர் புகார் செய்தார்: அலாரம் முதலில் பதிவாகிறதாம், அதற்குக் காரணமான அழுத்தம் பிறகுதான் ஏறுகிறதாம். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். மூன்று வாரம் சென்சாரைக் கழற்றிக் கழற்றி மாட்டினோம். ஒருநாள் ராத்திரி அலாரம், சென்சார் இரண்டு லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 21-வது நாளில் 3 வினாடி இடைவெளி, 42-வது நாளில் 6. உடனே கிரெப் (கோப்புகளில் தேடும் கட்டளை) அடித்தேன். அலாரம் கோப்பில் 1193182, சென்சார் டிரைவரில் 1193180. இப்போதும் அந்தத் திரை கண்ணில் நிற்கிறது.

"கிரிஸ்டலே அதைவிட அதிகம் பிசகுமே" என்று யாராவது வருவார்கள். உண்மைதான், 2 ஹெர்ட்ஸ் என்பது 1.7 பிபிஎம்கூட (பத்து லட்சத்தில் 1.7 பங்கு) இல்லை. ஆனால் கிரிஸ்டல் பிசகினால் இரண்டு லாகும் சேர்ந்தே பிசகும், வரிசை மாறாது. எண் இரண்டாக இருந்தால் ஒரே பெட்டிக்குள் இரண்டு நேரம் ஓடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. ஏஎம்டி எலான் சிப்பில் இந்த அதிர்வெண் 1189200. அந்த விதிவிலக்கும் எண்ணை வரையறுக்கும் அதே ஹெட்டரில் (எல்லா டிரைவரும் சேர்த்துக்கொள்ளும் பொதுக் கோப்பு) தெரியட்டும். லினக்ஸிலும் டைமெக்ஸ் என்ற பொதுவான ஹெட்டரில்தான் பிஐடி டிக் ரேட் (இந்த டைமரின் அதிர்வெண்) 1193182 என்று இருக்கிறது.

அந்த வருட அப்ரைசலில் மேனேஜர் "மூன்று வாரத்துக்கு ஒரு வரியா?" என்றார். அதே மாதம் வீட்டைக் காலி செய்தேன். பத்து மாத அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்கு என்று பிடித்துக்கொண்டார்கள். நாலு வருஷமாக ஓர் ஆணிகூட அடிக்காத சுவர் அது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் பேட்சில் ஹெட்டரை மட்டும் சேருங்கள். அப்புறம் ஒவ்வொரு டிரைவரையும் தனித்தனியாக மாற்றுங்கள். கமிட் செய்தியில் (மாற்றத்தோடு எழுதும் குறிப்பு) அந்த 12-ஆல் வகுத்த கணக்கையும், நாளுக்கு 0.145 வினாடி விலகும் என்பதையும் எழுதுங்கள். நான் அதை எழுதவில்லை.