அடிமீனுக்கு ஜிக் போடுவோரின் கேள்விகள்

கேள்வி: ஜிக் (உலோகத்தாலான செயற்கை இரை) தரையைத் தொடுவதற்குள் அயிலை மீனும் பாறை மீனும் கவ்விவிடுகின்றன. அடியில் வாழும் களவா மீன் இருக்கும் ஆழத்துக்கு அதை எப்படிக் கொண்டுசேர்ப்பது?

பதில்: மின்னிப் படபடத்து மெதுவாக இறங்கும் ஜிக்தான் நடுநீர் மீன்களை இழுக்கிறது. அகன்ற ஜிக்கை மாற்றி, வால்பக்கம் எடை கொண்ட, ஒடுங்கிய, சற்றுக் கனமான ஒன்றைக் கட்டி, ரீலை விரலால் தடுக்காமல் விட்டால் அது நேராகத் தரைக்குப் போய்விடும். மெல்லிய பின்னல் நூலை நீரோட்டம் அதிகம் இழுக்காது என்பதால் அதுவும் உதவும். தரை தட்டியதும் நூலின் தளர்வை எடுத்துவிட்டு, தரையை ஒட்டிய ஓரிரு மீட்டருக்குள்ளேயே ஜிக்கைத் தூக்கி இறக்குங்கள். அதற்கு மேல் சுற்றினால் மறுபடியும் பாறை மீனின் வாய்க்குள்தான் போகும். நடுநீரில் அடர்ந்த மீன்கூட்டம் நிற்பதை மீன் காட்டும் கருவி காட்டினால், அதனுடன் போராடாமல் படகை நகர்த்திவிடுவதே நல்லது.

கேள்வி: கொக்கியில் கணவாய்த் துண்டு செருகினால் கடி கூடுகிறது, ஆனால் வருவதெல்லாம் சிறு சுறாவும் பாம்பு போன்ற அஞ்சாளை மீனுமே.

பதில்: அவை இரண்டும் மணத்தைப் பின்தொடர்ந்து இரை தேடுபவை. களவாவோ அசையும் இரையைக் கண்டு பாய்வது. வெறும் ஜிக்கே அதற்குப் போதும். ஜிக்கைத் தரையில் அசையாமல் கிடக்கவிடாதீர்கள். மீன் கழிவையும் அதே இடத்தில் கொட்டாதீர்கள்.

கேள்வி: குட்டிக் களவாக்களே தொடர்ந்து ஏறினால்?

பதில்: பெரிய ஜிக், எதிர்முள் (கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு முள்) இல்லாத ஒற்றைக் கொக்கி. அதற்கும் குட்டிகளே வந்தால் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: வேண்டாத மீனை உடனே விட்டாலும் வயிறு மேலாக மிதக்கிறதே?

பதில்: முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 4 மடங்கு. அங்கிருந்து மேலே வரும் மீனின் காற்றுப்பையில் உள்ள வாயு, இடம் கிடைத்தால் 4 மடங்காக விரியும். கண் பிதுங்குவதும், உள்ளிருந்து ஏதோ வாய்வழியே தள்ளப்படுவதும் இதனால்தான். வாயில் தெரிவது பெரும்பாலும் காற்றுப்பை அன்று, இரைப்பை. எனவே அதைக் குத்தாதீர்கள். நூலை மெதுவாகச் சுற்றுவதும் பெரிதாகப் பயன்படாது, ஏனெனில் களவா போன்ற மீன்களால் அந்த வாயுவைச் சில நிமிடங்களில் வெளியேற்ற முடியாது. எதிர்முள் நீக்கிய கொக்கியை ஓர் ஈயக்குண்டுடன் தலைகீழாகக் கட்டி, மீனின் கீழுதட்டில் மாட்டி, பிடித்த ஆழத்துக்கே இறக்குங்கள். வாயு தானாகச் சுருங்கிவிடும், நூலை வெடுக்கென்று இழுத்ததும் கொக்கி கழன்றுகொள்ளும். இந்த ஏற்பாட்டை முதல் மீன் ஏறும் முன்பே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: சுறாவையும் இப்படித்தான் இறக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. சுறாவுக்குக் காற்றுப்பையே கிடையாது. விலா எலும்புக் கூடும் இல்லாததால் வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் உள்ளுறுப்புகள் சிதையும். ஆகவே படகில் ஏற்றாமல், தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றிவிடுங்கள்.